கொசுறு இல்லாத பில்

— உசுருக்கு விலை என்னான்னு கேட்டா நம்ம கடையில ஐந்நூத்தி எண்பது வெள்ளி, தங்கச்சி. முன்சக்கரத்துக்கு பிரேக் டிஸ்க்கு ரெண்டு, பேட் ஒரு செட்டு. உங்க மொகத்துக்காக ஐந்நூத்தி அம்பது.

— எண்பதே இருக்கட்டும்ணே.

— என்னாது?

— கொறைக்க வேணாம். எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க.

— இந்த ஜாசின்ல இருபத்திரெண்டு வருசமா ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறேன். கொறைக்க வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். இந்த மணியத்துக்கே வேர்க்குதுலா. எங்கேர்ந்து வர்றீங்க?

— ரெம்பியா.

— பக்கத்துல அலோர் காஜால கடையே இல்லையா? மூணு கடைய தாண்டில்ல வந்திருக்கீங்க.

— இங்கதான் வரணும்னு வந்தேன்.

— அப்ப பேரு பரவியிருக்கு. காடிய யாரு ஓட்டுறது, நீங்களா?

— எனக்குக் காரு ஓட்டத் தெரியாது. கொழுந்தன், கோகுலராஜ். தெனமும் டுரியான் துங்காலுக்கு அதுலதான் வேலைக்குப் போறான். இந்த ஞாயித்துக்கெழம பந்தய ட்ராக்குக்கு கொண்டு போறானாம். ரெண்டுக்கும் ஆகுற பிரேக்கு வேணும்.

— ரெண்டு பொண்டாட்டிக்காரன் கேசு. ரெண்டு வீட்லயும் நல்ல பேரு எடுக்கணும். கஷ்டம்லா! போவாதடான்னு சொல்லிப் பாக்கலயா?

— சொல்லியாச்சு. மாமியா அவன் கால்லயே விழுந்தாங்க. கேக்கல. அவன நிறுத்த முடியல. காடியாச்சும் நிக்கணும்.

— நிக்கும், நிக்க வச்சிருவோம். டீ சொல்லவா?

— சொல்லுங்க.

— சீனி எப்படி?

— எப்படி இருந்தாலும் சரிண்ணே. இப்ப ருசி தெரியறதில்ல.

— காய்ச்சலா? ஊரெல்லாம் காய்ச்சல்தான். சரி, பேட்டுக்கு வருவோம். இது ரோட்டு பேட். காலையில மொத மிதிக்கே கப்புனு புடிக்கும். ஆனா ட்ராக்ல மூணு சுத்து சுத்துனா சூடேறி, நான் யாரு நீ யாருன்னு கேக்கும். இது பந்தய பேட். இது நேர் எதிர். சூடேறுனாதான் வேலை செய்யும். குளுந்து கெடக்குறப்ப மிதிச்சா, ரெம்பியா முச்சந்தியில நிக்க வேண்டியது பாசார் கடைங்களுக்குள்ள போயி நிக்கும்.

— நடுவுல ஒன்னு இல்லையா?

— இருக்கு, ஜப்பான் சாமான். ரெண்டுக்கும் ஆகும். காலையில கொஞ்சம் கத்தும், ரிம்மு கறுப்பாவும். தொடைச்சிக்க வேண்டியதுதான்.

— அது.

— விலை கேக்கலயே நீங்க!

— நீங்கதான் சொல்லிட்டீங்களே. அப்பறம், அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கே, சிவப்பா பெரிசா. அது போட்டா இன்னும் நல்லா நிக்குமா?

— பேட்டப் புடிச்சி அமுக்குற அந்தப் பெரிய காலிப்பரா? ரெண்டாயிரத்தி எரநூறு வெள்ளி. விக்கணும்னு எனக்கும் ஆசைதான். உங்கள மாதிரி கேள்வி கேக்காம வாங்குற ஆளுகிட்ட பொய் சொன்னா ராத்திரி சோறு எறங்காது. அதப் போட்டா ரிம்ம மாத்தணும், பின்னாடி பிரேக்க மாத்தணும். முன்னாடி மட்டும் பெரிசா போட்டா பாக்குறவன்தான் வாயப் பொளப்பான். காடி அதுக்காவ சீக்கிரம் நிக்காது.

— அப்ப மொதல்ல எது கைவிடும்ணே? ட்ராக்ல.

— இதக் கேட்டீங்க பாருங்க, இது கேள்வி! எல்லாரும் பேட்டப் பாப்பான், டிஸ்க்கப் பாப்பான். மொதல்ல கைவிடுறது பிரேக் எண்ணெய்.

— எப்படி?

— சூடு ஏறி எண்ணெய் கொதிச்சா உள்ள ஆவி வந்துரும். ஆவிய மிதிச்சா அமுங்கிரும்லா. பெடல் மெத்தையில கால வச்ச மாதிரி தரைக்குப் போவும். புது டின்ன அன்னைக்கே ஒடச்சி அன்னைக்கே ஊத்துனா சீக்கிரம் கொதிக்காது. நம்ம மலாக்கா காத்து இருக்கே, பாதி காத்து பாதி தண்ணி. தொறந்த டின்ன நாலு மாசம் வச்சா அந்தத் தண்ணிய எல்லாம் குடிச்சிரும். அப்பறம் சட்டுனு கொதிச்சிரும்.

— தொறந்த டின்ன என்னா செய்வீங்க?

— மூடி மேல சிவப்பு பெயின்ட்ல ஒரு கோடு போட்டுருவேன். விக்க மாட்டேன், அது தர்மம் இல்ல. கொசுறு கேட்டு உயிர வாங்குறவனுக்கு எடுத்து நீட்டுவேன். ரப்பர் மரம் ஏத்துற லாரிக்காரன் எங்க ட்ராக்குக்குப் போறான்? அவனுக்கு அது போதும்.

— ம்.

— டீ ஆறுது. காடி என்னா காடின்னு சொல்லுங்க, அளவு பாக்கணும்.

— ரெண்டு சீட்டு. எஞ்சின் நடுவுல இருக்கும். சிவப்பு.

— ரெம்பியா, சிவப்பு, ரெண்டு சீட்டு... இருங்க, இருங்க. சேகரன் காடியா அது? அட! அப்ப நீங்க?

— அவரு சம்சாரம். திலகா.

— மொதல்லயே சொல்றதில்லையா தங்கச்சி! சேகரன் எமகாதகன்லா! தீவாளிக்கு முந்துன வாரம் வந்தான். ஒரு செட்டு பேட்டுக்கு ஒன்றர மணி நேரம் பேசுனான். நான் சாப்டப் போயிட்டு வந்தேன், அதே எடத்துல நின்னு அதே விலையச் சொல்றான்.

— எவ்ளோ கொறைச்சீங்க?

— நாப்பது வெள்ளி. அதுக்கப்பறமும் போவல. கொசுறு குடு மணியண்ணேன்னு நிக்கிறான். கொசுறு கையில விழுந்தாதான் அவனுக்கு யாவாரம் முடிஞ்ச மாதிரி.

— வீட்ல சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. மணியத்தையே கறந்துட்டேன்னு. அன்னைக்கு என்னா குடுத்தீங்க?

— அது... எதையோ எடுத்துக் குடுத்தேன். யாரு நெனவு வச்சிருக்கா. அவன ஏன் காணோம்? தம்பி காடிய புடுங்கிட்டானா? இவ்ளோ வெலைக்கு வாங்குனீங்கன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தான் இன்னைக்கு டோஸு.

— அவரு இல்லண்ணே. மூணு மாசம் ஆச்சு. ட்ராக்ல.

— ஐயோ! சேகரனா?

— டீய குடிங்க. உங்களுதும் ஆறுது.

— தங்கச்சி, எனக்குத் தெரியாது. சத்தியமா யாரும் சொல்லல. நான் பாட்டுக்கு வாய் கிழிய...

— பேசுங்க. பக்கத்துல யாராச்சும் பேசிக்கிட்டிருந்தா பரவால்ல. வீட்ல யாரும் பேசுறதில்ல.

— எப்படிம்மா?

— அஞ்சாவது சுத்து. நேரா வந்து திரும்புற எடம். கோகுலு வேலியோரம் நின்னு பாத்திருக்கான். பிரேக்கு வெளக்கு எரிஞ்சிச்சாம், விட்டு விட்டு மூணு தடவ எரிஞ்சிச்சாம். காடி நிக்கலயாம்.

— மூணு தடவ மிதிச்சிருக்கான்.

— ஆமா.

— பேட்... பேட் தேஞ்சிருந்துச்சா?

— புதுசு. உங்க கடை பேட்டுதான். அதுல ஒரு கொறையும் இல்லன்னு காடிய ரிப்பேர் செஞ்ச பெங்கல்காரரு சொன்னாரு.

— இல்ல, அது நல்ல சாமான். அதுல கொற வராது. பெடல்... பெடல் எப்படி இருந்துச்சின்னு சொன்னாங்களா?

— தரையில கெடந்துச்சாம்.

— அப்ப எண்ணெய்...

— காடி மூக்கு பக்கத்த கோகுலு தட்டி, பெயின்ட் அடிச்சி, அதே சிவப்புல கொண்டாந்துட்டான். அண்ணன் விட்ட எடத்துலேர்ந்து ஓட்டுறேங்குறான். அதனால பிரேக்க மட்டும் நான் பாத்துக்குறேன்னு சொன்னேன். பில்லு எழுதுங்கண்ணே.

— பில்லு என்னாத்துக்கு? சாமான எடுத்துட்டுப் போங்க. எல்லாத்தையும்.

— வேணாம். எழுதுங்க. எண்ணெயும் சேத்து. சனிக்கெழம காலையில நீங்களே ரெம்பியாவுக்கு வரணும். பழச முழுசா எறக்கிட்டு, புது டின்ன அவன் முன்னாடி ஒடச்சி நீங்களே ஊத்தணும். வருவீங்களா?

— வர்றேன்.

— தேதி போடுங்க.

— பதினாலு, மூணு, தொண்ணூத்தாறு. டிஸ்க்கு ரெண்டு, முந்நூத்தி அறுவது. பேட் செட்டு, எரநூத்தி இருவது. கம்பி பின்னுன எண்ணெய் ஓசு நாலு, எரநூத்தி நாப்பது, அதுவும் போட்டாதான் மிதி கெட்டியா இருக்கும். எண்ணெய் புது டின்னு ரெண்டு, எழுவது. மொத்தம் எண்ணூத்தித் தொண்ணூறு.

— இந்தாங்க, எண்ணிக்குங்க.

— எண்ண வேணாம்மா.

— எண்ணுங்க. அவரு எண்ணாம வாங்க மாட்டாரு.

— சரியா இருக்கு. தங்கச்சி... ஏதாச்சும் ஒன்னு எடுத்துக்குங்க. ஒரு பல்பு, ஒரு துணி. வெறுங்கையா யாரையும் அனுப்புனதில்ல நான். பழக்கம்.

— கொசுறு வேணாம்ணே. பில்லுக்கு அடியில ஒரு வரி மட்டும் எழுதணும்.

— என்னா வரி?

— மொதல்ல இந்த டின்ன வாங்கிக்குங்க. பைக்குள்ளயே வச்சிருந்தேன். மூடியில இருக்குறது உங்க கோடுதான?

— ...ஆமா.

— அப்ப எழுதுங்க. கொசுறு, பிரேக் எண்ணெய் ஒரு டின்னு. திருப்பி வந்தது அரை டின்னு. பாக்கி அரை, சேகரனோட போச்சு.