பதினேழு அடி தூரம்

புரொஜெக்டர் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. தூரத்தைச் சரியாக அளந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அறையை இருட்டாக்குவது.

அதை அனுப்பியது அண்ணன். ஆறு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறான். அம்மாவுக்கு ஞாபகம் அழிந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. "எங்க என் புள்ள?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறாள் என ஒரு வாரம் எண்ணினேன். சராசரி நூற்றுப் பத்து. நான் இயற்பியல் படித்தவள், எண்ணாமல் இருக்க முடியாது. என்னை அம்மாவுக்கு அடையாளம் தெரியாது. வேலைக்கு வந்த பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மரியாதையாகத்தான் நடத்துவாள்.

"எப்பப் பாரு இங்கயே கெடக்கியேம்மா, வீட்ல உங்கம்மா தேட மாட்டாங்களா?"

"தேட மாட்டாங்க" என்பேன்.

சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஒரே ஒரு மாசம் வாண்ணா. என்னால முடியல."

"லீவு என்ன மரத்துல காய்க்குதா? அதான் மிஷின் அனுப்பியிருக்கேன்ல. என் வீடியோவ அதுல போடு. நானே வந்த மாதிரிதான்."

எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. "சரிண்ணா" என்று வைத்துவிட்டேன்.

சொன்னதை ஒழுங்காகச் செய்ய நினைத்தேன். முதலில் சுவரிலிருந்து பத்தடியில் வைத்தேன். அண்ணன் நாலு வயதுப் பிள்ளை உயரத்தில், மீசையோடு நின்றான். "யாரும்மா இது குட்டி மாப்பிள்ளை?" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணன் அசலில் ஐந்தடி எட்டு அங்குலம். கணக்குப் போட்டால் பதினேழு அடி தேவைப்பட்டது. ஹாலின் முழு நீளமே அதுதான். சமையலறை வாசலுக்கு மேலே கூரையில் மாட்டினேன். எதிர்ச் சுவரில், பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில், அவன் பாதம் தரையில் படுகிற மாதிரி சரிசெய்தேன்.

அந்த வீடியோவில் அவன் இரண்டு கையையும் நீட்டி, "வாம்மா, கிட்ட வா" என்பான். கழிப்பறைக்குப் போகவே என் கையைப் பிடிக்கிற அம்மா, பதினேழு அடியைத் தனியாக நடந்தாள். நெற்றி சுவரில் மோதியது. சுவரைத் தடவித் தடவி அழுதாள்.

"உள்ள இருக்கான். கதவத் திறந்து விடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

நாலு நாள் அதே அழுகை. சுவர்தான் பிரச்சினை என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் சுவர் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது.

ஆமாம், வெல்டரைக் கூப்பிட்டதும் நான்தான். பால்கனித் தடுப்புக் கம்பி துருப்பிடித்திருந்தது உண்மை. அவர் கழற்றி எடுத்துப் போகும்போது, "மூணு நாளைக்கு அந்தக் கதவத் திறக்காதீங்கம்மா. நாலாவது மாடி. வீட்ல வயசானவங்க வேற இருக்காங்க" என்றார். "சரிங்க" என்றேன்.

மறுநாள் புரொஜெக்டரைக் கொஞ்சம் திருப்பினேன். பால்கனிக் கதவில் தடித்த வெள்ளைத் திரை தொங்குகிறது. காற்றில் படம் ஆடக் கூடாது என்று அடியோரத்தில் இரும்பு வளையங்கள் வைத்துத் தைத்தேன். அது நடுவில் இரண்டாகப் பிரிகிற திரை. நடுவை மட்டும் தைக்கவில்லை. அண்ணன் அங்கேதான் நின்றான். திரை கண்ணாடிக் கதவை ஒட்டியிருந்ததால் பிம்பம் இரட்டையாகத் தெரிந்தது. அதனால் கதவைத் திறந்து வைத்தேன்.

மாலை ஏழு மணிக்கு விளக்கை அணைத்தேன்.

"வாம்மா, கிட்ட வா."

அம்மா எழுந்தாள். அவளுடைய நிழல் அண்ணன் மேல் விழுந்தது. திரையை நெருங்க நெருங்க நிழல் சிறிதாகி, அவள் அளவுக்கே வந்தது. திரையைத் தொட்டதும் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி கண்ணு, அங்கயே நிக்கிற? உங்கண்ணன் வந்திருக்கான் பாரு. நீயும் வா."

இரண்டு வருடத்தில் முதல் தடவை. ரிமோட் என் கையில்தான் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். ஓடிப்போய்ப் பிடித்தும் இருக்கலாம், நேரம் இருந்தது.

"நீ போம்மா, இதோ வரேன்" என்றேன்.

கதவை இடித்து அக்கம்பக்கத்தார் வந்தபோதும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திரை ஆடியது. அண்ணன் கையை நீட்டியபடியே இருந்தான். நான் சோபாவில் தூங்கியிருந்தேன் என்கிறார்கள். இருக்கலாம்.

அம்மாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள். அண்ணன் வெறும் வெளிச்சம். கடைசியில் அம்மா அடையாளம் கண்டது என்னை மட்டும்தான்.