மிதந்த இரும்பு

எனக்குத் தொடைக்கறி அவ்வளவாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கறிக்காகத்தான் நான் அப்படிச் செய்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம்.

நான் எவர்கோஸ், கலீனா நகரத்தின் தூதன். கடற்கொள்ளையருக்கு எதிராக ஐந்து கரையோர நகரங்கள் கூட்டணி சேர்ந்தபோது, சத்தியச் சடங்குக்கான சாமான்களைத் திரட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எந்த நகரத்தில் அபாயப் புகை எழுந்தாலும் மற்ற நான்கும் கப்பல் அனுப்ப வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

பேச்சுவார்த்தை முடிந்த அன்று பலி விருந்து நடந்தது. பக்கத்து ஊரான தேரோஸின் தூதன் கெரியாஸுக்கு, மரியாதைப் பங்கான தொடையை வைத்தார்கள். எனக்கு நுரையீரல். கெரியாஸ் என் தட்டை எட்டிப் பார்த்தான்.

“என்ன எவர்கோஸ், காத்தையா திங்கிற? நல்லா மென்னு தின்னுப்பா, பல்லு வலிக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று நாள் தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம்.

நான்காம் நாள் சத்தியம். ஒவ்வொரு தூதனும் ஓர் இரும்புக் கட்டியைக் கடலில் எறிந்து, ‘இது மிதந்து வரும்வரை கூட்டணி நிற்கும்’ என்று சொல்ல வேண்டும். நான் நான்கு கட்டிகள் வாங்கினேன். ஐந்தாவதற்கு, குதிகால் தேய்க்கிற நுரைக்கல்லில் பெரிதாக ஒன்றைத் தேடிப் பிடித்து, கப்பலுக்குப் பூசும் கீலைப் பூசிக் கறுப்பாக்கினேன். அதைக் கெரியாஸின் முன்னால் வைத்தேன். கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துக் கத்துவான், நாலு பேர் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் நால்வரும் முக்கி முனகி எறிந்தோம். கெரியாஸ் தன்னுடையதை எடுத்தான். ஒரு கணம் புருவம் உயர்ந்தது. பிறகு கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

“இதுக்குப் போயா இப்பிடி முக்குறீங்க? தேரோஸ்காரனுக்கு இதெல்லாம் அத்திப்பழம்யா.”

கைதட்டல் ஓய்வதற்குள் எறிந்துவிட்டான். அது அலையில் ஆடியபடி திரும்பி வந்து அவன் காலடியிலேயே ஒதுங்கியது. கடவுள் திருப்பித் தந்ததை யாரும் தொடக்கூடாது என்று பூசாரி தடுத்தார்.

மத்தியானம்வரை வாக்குவாதம் நடந்தது.

“மொதல்ல முழுகினாத்தானேய்யா அப்புறம் மிதந்து வர்றதுக்கு? இது முழுகவே இல்லையே” என்று கெரியாஸ் மன்றாடினான். கனமே இல்லை, யாரோ கல்லை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அவ்வளவு கைதட்டல் வாங்கிய பிறகு எப்படிச் சொல்வான்? தேரோஸைக் கூட்டணியிலிருந்து நீக்கினார்கள். நானும் வருத்தத்தோடு கை தூக்கினேன்.

திராட்சை அறுவடை முடிந்த சமயம், ஒரு முற்பகலில் தேரோஸில் புகை எழுந்தது. எங்கள் துறைமுகத்தில் துடுப்புக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், பழக்கதோஷம். நான் குறுக்கே போய் நின்றேன்.

“கடவுளே வேணாம்னு தள்ளினவங்கப்பா. அவங்களுக்குக் கப்பல் விட்டா நம்ம சத்தியம் என்னத்துக்கு ஆகும்?”

இறங்கிவிட்டார்கள். எங்களைப் பார்த்து மற்ற மூன்று ஊர்களும் இறங்கின. புகை மூன்று நாள் நின்றது. முதல் நாள் வந்தது அபாயப் புகை, மற்ற இரண்டு நாளும் எரிந்தது ஊர். உயிரோடு மிஞ்சியவர்களை அடிமைச் சந்தையில் விற்றார்கள். கெரியாஸைக் கல்குவாரிக்காரன் வாங்கினானாம். ஒற்றைக் கையால் தூக்குகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கொள்ளையர் வருவது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். வருவோம் என்று அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. புகை எழுவதற்கு ஒரு மாதம் முன்பு, ஆலிவ் வாங்கும் இடத்தில் அவர்களுடைய தலைவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணே, தேரோஸ்ல புகை கெளம்புனா யாராச்சும் வருவாங்களா?”

“யாரும் வரமாட்டாங்க தம்பி.”

தேரோஸ் ஆண்கள் எல்லோரும் திருவிழாவுக்கு மலையேறும் நாள் எது என்று கேட்டான். அதையும் சொன்னேன். கேட்டவனிடம் பொய் சொல்லச் சொல்கிறீர்களா? நான் அப்படி வளர்ந்தவன் இல்லை.