வெற்றுக் கட்டத்தில் பூஜ்யமா?

தலைமையேற்று வீற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, தரவுகளோடு போராடித் தலைநரைத்த பேராசிரியப் பெருமக்களே, பிள்ளைகளின் ஆய்வு முடியுமா என்று ஏங்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கைபேசிக்குள் கவிழ்ந்திருக்கும் என் கண்மணிகளே, அனைவருக்கும் வணக்கம்!

புதிய கணினிக்கூடத்தைத் திறந்துவைக்க அழைத்தீர்கள். பளபளக்கும் திரைகள், சுழலும் நாற்காலிகள், குளுகுளு அறை. உள்ளே என்ன கற்றுத்தருவீர்கள் என்று கேட்டால் மட்டும் ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்?

இங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு மகள், தையல் ஆலைப் பெண்களிடம் கருத்துக் கேட்டாள். மேற்பார்வையாளர் உங்களிடம் எத்தனை முறை தவறாக நடந்துகொண்டார் என்பது கேள்வி. பாதிப் பேர் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? ஆலைக்குள்தான் கேட்க அனுமதி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றதே அந்த மேற்பார்வையாளன்!

அட்டவணையில் பதில் வராமல் காலியாகக் கிடந்த கட்டங்களைப் பார்த்தார் அவளுடைய ஆய்வு நெறியாளர்.

"காலியா விட்டா கணக்கு ஓடாதும்மா. எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுடு."

"சார், நடக்கலன்னு அவங்க சொல்லல. எதுவுமே சொல்லல."

"அதையெல்லாம் யாரும்மா பார்க்கப் போறா? பட்டம் வாங்குற வழியைப் பாரு."

சிரிக்காதீர்கள் ஐயா, எனக்கு வயிறு எரிகிறது! பயந்து மூடிய வாய்க்குப் பூஜ்யமா? பல்லைக் கடித்து விழுங்கிய அழுகைக்குப் பூஜ்யமா? அந்தப் பூஜ்யங்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, ஆலையில் தொல்லையே இல்லை என்று எழுதிக் கொடுத்தால், முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டமாட்டாரா?

அவள் மறுத்துவிட்டாள். நெறியாளர் கையெழுத்துப் போடவில்லை; ஆய்வேடு கிடப்பில் கிடக்கிறது. இந்த மாதத்தோடு அவளுடைய ஆய்வுப் பதிவும் காலாவதியாகிறது. பிடிவாதக்காரி என்று பட்டப்பெயர் மட்டும் தவறாமல் கிடைத்திருக்கிறது!

எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த எண் வரும் என்று சொல்லித்தருகிறீர்கள். யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று கேட்க எந்த வகுப்பில் சொல்லித்தருகிறீர்கள்?

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார் ஒரு தம்பி. இருங்கள் தம்பி, பட்டமே போகப்போகிற பிள்ளையை விடவா உங்களுக்கு அவசரம்?

துறைத்தலைவர் அவர்களே, அந்த நெறியாளர் வேறு யாருமல்ல, என் பக்கத்தில் மாலையோடு அமர்ந்திருக்கும் நீங்கள்தான். அந்த மகளும் இதே கூட்டத்தில்தான் இருக்கிறாள். எழுந்து வாம்மா, பயப்படாதே. வழி விடுங்கள் ஐயா!

அவள் இங்கே நின்று அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லட்டும். கேட்டு முடித்ததும், அவளிடம் தனியறையில் சொன்னதை இந்த ஒலிபெருக்கியில், இத்தனை தாய்மார்கள் முன்னால் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால், அவள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டு, நாளைக்கே மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்!

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டீர்கள், நன்றி. இனிப் பேசவேண்டியவள் அவள். வணக்கம்.