படப்புக்குப் பின்னால் ஒரு குழி

— என்ன, வெள்ளைச்சாமி மச்சான், யோசன? வண்டிய அவுத்து எம்புட்டு நேரமாச்சு. மாட்டுக்கு ரெண்டு கத்த வைக்கோல் போடச் சொல்லுங்க.

— போடலாம், மலையாண்டி மச்சான். மொதல்ல காப்பியக் குடிங்க. செவந்தி போட்டது.

— காப்பி நல்லாருக்கு. பொண்ணும் எங்க பையனுக்குப் பொருத்தந்தான். ஆனா ஆவுடையார்கோவில்லேருந்து நடந்த மாடுல்ல, பசிக்காதா? வாசல்ல வைக்கோல் படப்பு பனை ஒசரம் நிக்கிது.

— வெள்ளிக்கெழம எங்க வீட்டுப் படப்புல கைய வைக்கிறதில்ல.

— இன்னக்கி வியாழன்.

— வியாழனுந்தான்.

— அண்ணே, மாட்டுச் சோடி நல்லா அமைஞ்சிருக்கு. என்ன பேரு வச்சிருக்கீங்க?

— பேரா, பொன்னுத்தாயி தங்கச்சி? அது... வெள்ள மாடு. வேறென்ன பேரு? அது கெடக்கட்டும், கொல்லப்பக்கமிருந்து என்னமோ புளிச்ச வாட வருதே?

— பழங்கஞ்சி, மச்சான்.

— பழங்கஞ்சியா? கருப்பட்டி புளிச்ச வாட. இது சாராய ஊறல்! எங்கண்ணன் அதக் குடிச்சே முப்பது வயசுல போனாரு. மதுவிலக்கு வந்து எட்டு வருசமாச்சு. ஊருக்கே நாயம் சொல்ற அம்பலம் வீட்டுக் கொல்லையிலயே ஊறலா?

— வார்த்தைய அளந்து பேசுங்க, மச்சான். எங்க வம்சத்துல ஒருத்தன் அதத் தொட்டதில்ல.

— அப்ப என்னன்னு சொல்லுங்க.

— சொல்றதுக்கில்ல.

— சரி, நான் வண்டியப் பூட்டுறேன். சம்மந்தப் பேச்சு இத்தோட போச்சு.

— ஏங்க, புள்ள கதவுக்குப் பின்னால நிக்கிறா. சொல்லித் தொலைங்க. இல்லாட்டி நான் சொல்லிருவேன்.

— நீ சும்மா இரு, பொன்னுத்தாயி. சொல்றது நானாவே இருக்கட்டும். மச்சான், நில்லுங்க. இங்கிட்டு வாங்க. இந்தப் படப்புக்குள்ள கைய விடுங்க.

— என்னது... பனமட்டையா?

— மேல ஒரு சாணுதான் வைக்கோல். கார்த்திகைப் புயல்ல பயிரும் போச்சு, பழைய வைக்கோலும் அழுகிப்போச்சு. ஊர்க் களமெல்லாம் வெறிச்சோடிக் கெடந்தாலும் எங்க வீட்டுப் படப்பு நிக்கணும்னு நானே மட்டைய அடுக்குனேன்.

— அப்ப ஒங்க மாடெல்லாம் எதத் திங்கிது?

— அந்த வாடையத்தான். கம்மாய் நெறைய ஆகாயத்தாமரை. பச்சையாப் போட்டா மாடு மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். வெவசாயத்துக்கு யோசன சொல்ல சர்க்கார் அனுப்புன கிராமசேவக் மரியசெல்வம் ஒரு வழி சொன்னாரு. வெயில்ல வாட விட்டு நறுக்கி, கருப்பட்டிப் பாகும் உப்பும் தெளிச்சு, குழியில போட்டுக் காத்துப் புகாம மிதிச்சு, மண்ணால மூடி வச்சோம். ரெண்டு மாசத்துல புளிச்சுப் பதமாயிருச்சு.

— கம்மாய்க் குப்பைய மாடு திங்குமா?

— மொத நாள் நானும் சிரிச்சேன், அண்ணே. இந்தா, கூடையில அள்ளிட்டு வந்துட்டேன். ஒங்க மாட்டுக்கே வைக்கிறேன்.

— மோந்து பாக்குது... அட, நாக்கச் சொழட்டி அள்ளுதே! கூடையையும் சேத்துத் தின்னுரும் போலருக்கு.

— பாத்தாச்சுல்ல? இனி ஊருல போயிச் சொல்லுங்க, வெள்ளைச்சாமி வீட்ல வைக்கோல் இல்லன்னு. ஊறல் வச்சவன்னு மட்டும் சொல்லிறாதீங்க.

— நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது, மச்சான்? பனை ஒசரப் படப்பு நிக்கிற வீடாச்சே, அதுக்கு ஈடா வந்து எறங்கணுமேன்னு எரவல் வாங்கிப் பூட்டுன மாடு இது; என் சோடி, தீனி இல்லாம, தை மாசமே சந்தைக்குப் போயிருச்சு.