போர்டு வந்த செவ்வாக்கெழமை

எந்திரிச்சுப் போயிராத முத்துத்தாயி. அங்கிட்டுப் போயி வெயில்ல நிக்கிறதுக்கு இங்கனயே இரு. நான் வேணா இந்த ஓரத்துக்குத் தள்ளி ஒக்காந்துக்கறேன். கோட்டு வாசல் பெஞ்சு, இதென்ன எங்க வீட்டு பெஞ்சா? ம், சரி. எம்மூஞ்சியப் பாக்க வேணாம், அங்கிட்டே திரும்பியிரு. காது கேக்குதுல்ல, அது போதும்.

ஒரு வருசமாச்சு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீ அந்தக் கடேசி, நான் இந்தக் கடேசி. செவுத்துக்குச் செவுரு ஒட்டுன வீடு, ஒம்புருசன் விருமாண்டி செத்ததுல இருந்து எங்கிட்ட ஒத்த வார்த்தை பேசல நீ. பேசமாட்டதான். எம்மகன் சோணைமுத்து குத்துனான்னு கேசு நடக்கையில எங்கிட்ட என்னத்தப் பேசுவ. நான் கொறையாச் சொல்லல தாயி.

இன்னைக்கு என்னையச் சாச்சிக்குக் கூப்புடுறாக. அதான் காலையில இருந்து பச்சத்தண்ணி எறங்கல. எங்க வக்கீலு விஸ்வேஸ்வரன் ஐயரு வெள்ளனவே வரச்சொல்லி, இப்படிக் கேப்பேன், இப்படிப் பதில் சொல்லணும்னு நாலுதரம் சொல்லிக்குடுத்தாரு. மண்டையில நின்னாத்தானே.

ஒனக்கு அந்தக் கோட்டு நாடகம் ஞாபகம் இருக்கா? டிவியில செவ்வாக்கெழம செவ்வாக்கெழம ஏழரைக்குப் போடுவாகளே, அது. மொத ஒரு பதிமூணு வாரம் போட்டு, சனங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு திருப்பி ஒரு பதிமூணு, பெறகு மூணாந்தடவையும் ஆரம்பிச்சாகள்ல. அந்த மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நகைக்கடக்காரரு கொலைக் கேசு. பழங்காநத்தத்துல நம்ம தெருவுல அப்ப எங்க வீட்டுல மட்டுந்தான பொட்டி, சோணை மில்லு வேலைக்குப் போயி வாங்குனது. ஆறரைக்கே வந்து செவுத்தோரமா எடம் பிடிச்சிருவ நீ. ஒம்புருசந்தான் எட்டிப் பாக்கமாட்டாரு. பின்சந்துல கல்லு மேல ஒக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருப்பாரு.

நாடகத்துல கோட்டு எம்புட்டு அழகா இருக்கும். ஜட்ஜையா சுத்தியல வச்சு ஒரு தட்டுத் தட்டுவாரு, அம்புட்டுப் பேரும் கப்சிப். வாரத்துக்கு ஒரு சாச்சி, பதிமூணாவது வாரம் தீர்ப்பு. இங்க சுத்தியலையும் காணோம் ஒன்னையும் காணோம். அடுத்த மாசம் வான்னு சொல்றாக, அடுத்த மாசம் போனா அதுக்கும் அடுத்த மாசங்கறாக. எம்மவன் செயிலுக்குள்ள எலும்பும் தோலுமாக் கெடக்கான்.

ஒம்புருசன் செத்த அன்னைக்குப் பத்தாவது வாரம். அந்தக் கொலைகாரப் பையனோட அம்மா கூண்டுல ஏறுச்சு. வக்கீலு கிட்டக்க வந்து, அம்மா, அன்னைக்குச் சாயங்காலம் ஒங்க மகன் வீட்டுலதான் இருந்தானான்னு கேட்டாரு. அந்தம்மா வாயத் தெறந்துச்சு, பொசுக்குனு படம் போயி தடங்கல் போர்டு வந்துருச்சு. திருப்பிப் படம் வாரப்ப கூண்டுல வேற ஆளு நிக்கிறான். அந்தப் பொம்பள என்ன பதில் சொல்லுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கோரிப்பாளையத்துல எந்தங்கச்சி வீட்டுல கேட்டேன், அங்கயும் அந்நேரம் போர்டுதானாம். அதுக்குப் பெறகு நான் பொட்டியவே போடல, துணியப் போட்டு மூடிட்டேன். ஒனக்கு யாராச்சும் சொன்னாகளா, அந்தம்மா என்ன சொல்லுச்சுன்னு? இல்லையா. சரி விடு.

இப்ப ஒங்கிட்ட ஒன்னு கேக்கணும். கோவப்படாத.

நம்ம தெரு ஆளுக பதினோரு பேரு சாச்சி சொல்லிட்டாக. படம் போச்சு, சோணை ஆன்டனாவைத் திருப்ப மச்சுக்குப் போனான்னு அம்புட்டுப் பேரும் ஒன்னுபோலச் சொன்னாக. நீயும் அப்படித்தான் சொன்ன. யாரும் பொய் சொல்லல. ஆன்டனாவைத் திருப்பிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் கொல்லப்பக்கம் போயிப் படியேறுனான். மச்சுல நின்னவன் எப்படிய்யா சந்துல போயிக் குத்துவான்னு ஐயரும் நல்லாத்தான் கேட்டாரு.

ஆனா படம் ஆடுனா, புள்ளி புள்ளியா விழுந்தாத்தான ஆன்டனாவைத் திருப்பணும்? போர்டு வந்துட்டா கோளாறு அவுக பக்கம். நம்ம சும்மா ஒக்காந்திருக்க வேண்டியதுதான். டிவி பாக்குற சின்னப்புள்ளைக்கும் தெரியும் இது. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நீ எட்டாவது படிச்சவ. தடங்கலுக்கு வருந்துகிறோம்னு நீதான அன்னைக்குச் சத்தமா வாசிச்ச. நீ வாசிச்சு முடிக்கவும் அவன் எந்திரிச்சான்.

பதினோரு பேருல ஒருத்தரும் போர்டைப் பத்திப் பேசல. சர்க்கார் வக்கீலு கேக்கவும் இல்ல, அவரு வீட்டுல டிவி இருக்கோ இல்லையோ. நாந்தான் ஒரு வருசமாச் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். இவளுக்கு எப்ப இது தட்டும், எப்பப் போயி சர்க்கார் வக்கீலுகிட்டச் சொல்லப்போறான்னு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பேன். சொல்லிறாத ஆத்தான்னு ஒங்கால்ல விழத்தான் இன்னைக்கு இம்புட்டு நேரமும்...

என்ன, திரும்பிப் பாக்குற. ஏன் இப்படிப் பாக்குற?

அட கடவுளே. அப்ப ஒனக்கு இம்புட்டு நாளும் தோணவே இல்லையா.

நானே வாயக் குடுத்துட்டேன். இரு, கையத் தட்டி விடாத. கொழாயடியில ஒம்புருசன் என்னையப் பிடிச்சுத் தள்ளுனதுல பல்லு ஒடஞ்சுச்சே, நீகூட ஓடியாந்து தூக்கிவிட்ட. அன்னைக்கு நான் பேசாம இருந்திருக்கணும். வாயெல்லாம் ரத்தமா வீட்டுக்குப் போயி, பெத்த மகன் இருந்தும் கண்டவன்கிட்ட அடி வாங்குறேனேன்னு அழுதேன். அவன் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தான். தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அது ஞாயித்துக்கெழம. ரெண்டாம் நாளு செவ்வாக்கெழம. தப்பு எம்மேலதான் தாயி, தூக்குல போடுறதா இருந்தா என்னையப் போடச் சொல்லு. எனக்கு அவன் ஒத்தப் புள்ள.

அழுவாத. ஒனக்கு முன்னால நான் அழுவக்கூட முடியாது, எனக்கு அந்தப் பாத்தியதை இல்ல.

கூப்புடுறாக. எம்பேருதான். இன்னும் ரெண்டுதரம் கூப்புடுவாக, இரு.

உள்ள போனதும் ஐயரு கேப்பாரு, ஒங்க மகன் மச்சுலதான இருந்தான்னு. ஆமாய்யா, படம் வந்தவுடனே நான் கொல்லையில நின்னு வந்துருச்சுடா எறங்கி வாடான்னு கூப்புட்டேன், சரிம்மான்னு மேல இருந்து சொன்னான்யான்னு சொல்லப்போறேன். அப்படித்தான் சொல்லிக்குடுத்திருக்கு. நாடகத்துல அந்தம்மா என்ன சொல்லுச்சோ, எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்.

ரெண்டாந்தரம் கூப்புட்டாச்சு. சேலையை விடு முத்துத்தாயி, போகணும். இனி நீ போயி யாருகிட்டச் சொன்னாலும் நான் தடுக்கமாட்டேன், என்னால தடுக்கவும் முடியாது. உள்ள போயிப் பொய் சொல்றதுக்கு முந்தி ஒரு ஆளுகிட்டயாச்சும் உள்ளதச் சொல்லிறணும், அது ஒங்கிட்டயாத்தான் இருக்கணும்.

கொல்லையில நின்னு நானும் மூணுதரம் கூப்புட்டேன் தாயி. மேல இருந்து பதிலே வரல.

இந்தா வாரேன்யா.