தராசிலை நிண்ட ட்ரக்

– அக்கா, ஆடாமல் இரு! நம்பர் ஏறிக்கொண்டே போகுது… மூவாயிரத்து நூற்றித் தொண்ணூறு!

– இந்தப் பழைய இரும்பு யார்ட்டின்ரை தராசு பொய் சொல்லுதோ, ஜது? ட்ரக் கதவிலை மூவாயிரத்து நூறுதானே லிமிற்?

– ஓம், தொண்ணூறு கிலோ கூட. உந்தப் பாரத்தோடை அந்த வடக்குக் காட்டுக்குள்ளை போற ட்ரான்ஸ் தைகா றோட்டிலை ஓடினா பின் ஸ்பிரிங் முறிஞ்சிடும். அறுநூற்றி அறுபத்தாறு கிலோமீற்றர், அக்கா! முழுக்கக் கல்லு. ஒரு ஊர் இல்லை. யோசிச்சுப் பார், இஞ்சை இருந்து மொன்றியலைத் தாண்டிப் போற தூரம், ஒரு கோப்பிக் கடை கூட இல்லாமல்!

– போடா, எனக்கு மயிர் கூச்செறியுது. அப்ப ரண்டாவது ஸ்பெயர் ரயரை இறக்கிப்போடு.

– விசரே உனக்கு? அந்தக் கல்லு ரயரைக் கிழிச்சுப்போடும், ஸ்பெயர் ரண்டும் வேணும். பொறு, இறங்கிப் பாக்கிறன்… உதென்ன, அரிசி மூட்டையே?

– அம்மா ஏத்தினவா. இருபது கிலோ.

– ரண்டு பேருக்குப் பத்து நாளைக்கோ! ஐயோ, உது பாபிக்யூ அடுப்பு. கூலர் நிறைய ஆட்டிறைச்சி! மோர்னிங்சைட் பார்க்கிலை பிக்னிக் எண்டு நினைச்சிட்டாவோ?

– எல்லாத்தையும் இறக்கிப்போட்டு ஏறு.

– ஏறியிட்டன். எவ்வளவு?

– மூவாயிரத்து நூற்றி இருபது. சே, இன்னும் இருபது… டேய், பின் சீற்றிலை அப்பாவெல்லோ இருக்கிறார்!

– அட, ஓம்! அப்பா, கொஞ்சம் இறங்குங்கோ. போற ஆக்களோடை மட்டும்தான் நிறுக்கோணும்.

– நான் இறங்கமாட்டன்.

– அப்பா, பகிடி விடாதேங்கோ. வீட்டிலை அலுப்படிக்குதெண்டுதானே எங்களோடை வந்தனீங்கள்?

– போற ஆக்களோடைதானே நிறுக்கோணும், பிள்ளை? அப்ப நான் உள்ளைதான் இருக்கோணும்.

– நீங்களோ? இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசமா நயாகராவுக்கு அங்காலை போகாத ஆள்!

– வேலையிலை ரண்டு கிழமை லீவுக்கு எழுதிக் குடுத்திட்டன். பூட்ஸும் வாங்கியிட்டன். இந்தா, போட்டிருக்கிறன், பாருங்கோ.

– அக்கா, பொறு. ட்ரக்குக்கு மேலை பூட்டிக் கிடக்கிற ரூஃப் ரெண்ட், அந்தக் கூடாரம், அறுபது கிலோ, அதிலை ரண்டு பேர்தான் படுக்கலாம். அதைக் கழட்டினா பாரம் லிமிற்றுக்குள்ளை வந்திடும், மூண்டு பேரும் நிலத்திலை படுப்பமே? அந்தப் பெரிய வானத்துக்குக் கீழை, அப்பா நடுவிலை! என்ன சொல்லுறாய்?