ஏப்ரன் பையில் செயின் இருந்தது எனக்குத் தெரிந்த விதம்

என் பெயர் மோகனப்பிரியா, வயது 31, தகப்பனார் பெயர் தனபால். சோமனூரில் ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் அம்மாவுடன் குடியிருக்கிறேன். ஒரு வழக்கில் தண்டனை பெற்று, அதை முழுவதும் அனுபவித்து முடித்து வெளியே வந்தவள். பிளஸ் டூ உள்ளே இருந்தபோதுதான் படித்தேன். இப்போது சிங்காநல்லூரில் ஒரு தனியார் மையத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிக்கிறேன்.

சிறையில் மணி அடித்தால் எண்ணிக்கைக்காக இரண்டு இரண்டு பேராகத் தரையில் உட்கார வேண்டும். மையத்தில் சேர்ந்த புதிதில் வகுப்பு மணி அடித்தபோது நான் என்னையறியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பிறகு என் பெஞ்சில் யாரும் பை வைப்பதில்லை.

நேற்று செய்முறை வகுப்பில் என்னுடன் படிக்கும் வெள்ளகோவில் புவனா டெக்னீஷியனாக நின்றாள். நோயாளியாகப் படுக்கும் முறை அவளுக்கு வந்ததும், உடம்பில் நகை இருக்கக் கூடாது என்பதால் செயினைக் கழற்றி, எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கத் தான் போட்டிருந்த ஈய ஏப்ரனின் பையில் போட்டாள். அதன் பிறகு ஏப்ரனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். ஏப்ரனே பெரிய சுமை, அதில் ஒரு செயினின் கனம் தெரியாது. வழக்கம்போல் கைப்பையில் வைத்ததாகவே அவள் நினைத்திருக்கிறாள்.

மாலையில் செயினைக் காணோம் என்று அழுதாள். மையத்தின் பொறுப்பாளர் லட்சுமணசாமி சார் முன்னிலையில் என் பையை மட்டும் கொட்டினார்கள். டிபன் பாக்ஸில் மீதமிருந்த புளிச்சோற்றையும் ஸ்பூனால் கிளறினார்கள். இடத்தைச் சொன்னால் நான் வைத்தேன் என்பார்கள், சொல்லாவிட்டால் நான் எடுத்தேன் என்பார்கள் என்று யோசித்து நின்றேன். அதன் பிறகு புவனா அழுவதைப் பார்க்கச் சகிக்காமல், "ஏனுங்க சார், அந்த ஏப்ரன் பையைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். செயின் அங்கேதான் இருந்தது.

"உனக்கெப்படி அம்மணி தெரிஞ்சுது?" என்று சார் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, "வெச்சவளுக்குத்தானுங்க சார் எடம் தெரியும்" என்றாள். புவனா குனிந்த தலை நிமிரவில்லை. அதன் பிறகு நான் திருடி ஒளித்து வைத்ததாகப் புகார் கொடுத்து, நாளைய செய்முறைத் தேர்வுக்கான என் ஹால் டிக்கெட்டையும் சார் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தேர்வு எழுதாவிட்டால் எனக்கு இந்தப் படிப்பு இல்லை.

எப்படித் தெரியும் என்று இங்கே காவல் நிலையத்திலும் கேட்டார்கள். எது தொலைந்தாலும் என் தலையில்தான் விழும். அதனால் யார் எதை எங்கே வைக்கிறார்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்கள் என் கையைப் பார்க்கிறார்கள், நான் அவர்கள் எல்லோருடைய கையையும் பார்க்கிறேன். பாடத்தைக் கவனிப்பதற்கு முன்னால் எனக்கு அந்த வேலை இருக்கிறது, அது எனக்கு அலுத்துவிட்டது.

இதில் உள்ளதை நானே படித்துப் பார்த்தேன், அத்தனையும் நடந்தது நடந்தபடி. இதை எழுதிய காவலர் நவ்யா அம்மா, எழுதத் தொடங்கும் முன் தன் செல்போனை மேசையின் இடப்பக்க இழுப்பறையில் வைத்தார். அதையும் இதில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
த. மோகனப்பிரியா